எரிஞ்சாத்தான் கேக்குமா?

அரிசி மூட்டையைத் தூக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. பரணில் ஏறி இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. கீழே விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்தேன், பிடித்துக்கொண்டது. இடுப்புக்கு நாலு விரற்கடை மேலே, வலது பக்கம். நிமிரவும் முடியவில்லை, முழுசாகக் குனியவும் முடியவில்லை. வாசலில் நின்ற பால்காரர், நான் எதையோ தேடுகிறேன் என்று நினைத்து அவரும் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் வலி என்றால் கை போகிற இடம் ஒன்றுதான். அம்மாவின் கட்டில் ஓரத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின். உள்ளே மஞ்சள் பாம் ஒன்று, பெரியம்மா மகன் சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் வாங்கி வரும் கோடாலித் தைலம், ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலம், விண்டர்கிரீன் தைலம், வயிறு ஒட்டிப்போன நாலைந்து டியூப்கள். டின்னைத் திறந்தால் மாடியில் படித்துக்கொண்டிருக்கிற பையன் வரைக்கும் தெரிந்துவிடும். “பாட்டி, மூட்டு வலியா?” என்று அங்கிருந்தே குரல் வரும்.

அன்று ராத்திரி டின்னில் இருந்ததிலேயே காட்டமான டியூபை எடுத்து, என் மனைவி கை தாராளமாகவே தேய்த்துவிட்டாள். “அதுக்கு மேல வெந்நீர் ஒத்தடமும் குடுத்தா சீக்கிரம் கேக்கும்” என்றார் அம்மா. நியாயமாகத்தான் பட்டது. வெந்நீர்ப் பையை முதுகுக்கு அடியில் வைத்துப் படுத்தேன். முதலில் குளிர்ந்தது, பிறகு சுட்டது, பிறகு ‘ஆகா’ என்றிருந்தது. அப்படியே தூங்கிப்போனேன்.

காலையில் முதுகில் மூன்று கொப்புளங்கள். ஒன்று புளியங்கொட்டை அளவு. பிடிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

“க்ரீம் போட்டதும் சரி, ஒத்தடம் குடுத்ததும் சரி. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா எதுக்குங்க போட்டீங்க?” என்றார் டாக்டர். என்னிடம் பதில் இல்லை. இரண்டும் நல்லது என்றால் சேர்ந்தால் ரெட்டிப்பு நல்லது என்கிற கணக்குதான்.

அந்த டியூபின் பின்பக்கத்தை அன்றைக்குத்தான் முதல்முறை படித்தேன். எறும்பு எழுத்து. செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. டைக்ளோஃபெனாக் டைஎத்திலமைன் 1.16 சதவீதம், மெத்தில் சாலிசிலேட் 10, மெந்தால் 5, ஆளிவிதை எண்ணெய் 3. நம் ஊரில் பல கம்பெனிகள் இதே கலவையை வேறு வேறு பெயரில் விற்கின்றன. என் கொப்புளமும் புதிது இல்லையாம். கடையில் சும்மா கேட்டு வாங்கும் தசைவலிக் களிம்புகளால் தோல் வெந்துபோன 43 பேரின் கதையை வைத்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012-லேயே எச்சரிக்கை விட்டிருக்கிறது. மெந்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் தூக்கலாக இருந்தவற்றில்தான் மோசமான புண்கள். போட்ட இடத்தைக் கட்டி மூடாதே, மேலே சூடு வைக்காதே என்று அதில் சொல்லியிருந்தது. நான் சூடும் வைத்து, அதன் மேல் படுத்தும் தூங்கியிருக்கிறேன்.

இரண்டு நாள் குப்புறப் படுக்கை. வேறு வேலை இல்லாததால், இந்த டின்னில் இருப்பதெல்லாம் உண்மையில் என்னதான் செய்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன்.

மெத்தில் சாலிசிலேட் என்ற பெயர்தான் அந்நியம், வாசம் நமக்குப் பழக்கமானது. நீலகிரியில் சோலைகளின் ஓரத்தில் கோல்தீரியா என்றொரு புதர் வளர்கிறது. அதன் இலையைக் காய்ச்சி வடிக்கிற தைலம் ஏறக்குறைய முழுக்கவே இந்தச் சரக்குதான். ஊட்டிக் கடைகளில் விண்டர்கிரீன் தைலம் என்று சின்னச் சின்னப் பாட்டிலில் விற்பார்கள். ஆயுர்வேத டியூப்களில் கந்தபுரா தைலம் என்று போட்டிருக்கும். ஆஸ்பிரினுக்குப் பங்காளி முறை.

இது தோலில் பட்டதும் அந்த இடம் சிவந்து சூடாகிறது. மெந்தால் குளிர வைக்கிறது. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி, சிவப்பு அம்புகள் தோலைத் துளைத்துக்கொண்டு தசைக்குள் போய் முடிச்சை அவிழ்க்கிறதா என்றால், அந்தச் சூடும் குளிர்ச்சியும் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிற சமாச்சாரம். மெந்தால் பட்டால் ஐஸ் வைத்ததைப் போலத் தசை குளிர்வதில்லை, ‘குளிர்கிறது’ என்கிற தகவல் மட்டும் மூளைக்குப் போகிறது. மிளகாய் அரிந்த கையில் சூடே இல்லாமல் ராத்திரி முழுக்க எரிகிறதே, அதற்கு எதிர்ப்பக்கம் இது.

மிளகாய் ஏன் எரிகிறது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய் நோபல் பரிசு வாங்கியவர் ஒருவர் இருக்கிறார். டேவிட் ஜூலியஸ். கலிஃபோர்னியாவில் அவருடைய ஆய்வுக்கூடம் 1997-ல் நரம்பு நுனியில் உள்ள ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தது. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அந்தப் புரதம் திறந்து ‘சுடுது’ என்று சேதி சொல்லும். மிளகாயின் கேப்சைசின் பட்டாலும் அதே வாசல்தான் திறக்கிறது. வந்தது நெருப்பா மிளகாயா என்று நரம்புக்கு வித்தியாசம் தெரியாது. 2002-ல் குளிருக்கான வாசலும் கிடைத்தது, மெந்தாலை வைத்தேதான். ஜூலியஸ் ஒரு பக்கமும், பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்கா போன ஆர்டெம் படபூட்டியன் இன்னொரு பக்கமும் தனித்தனியாக அதைக் கண்டார்கள். 2021-ல் மருத்துவ நோபல் இருவருக்கும் சேர்த்து. அம்மாவிடம் சொன்னேன். “மொளகா எரியும்னு சொல்றதுக்கு எதுக்குக் கண்ணு பரிசு?” என்றார்.

சரி, அப்படியானால் தைலம் தேய்த்ததும் வலி குறைந்த மாதிரி இருப்பது பொய்யா? பொய் இல்லை. கதவு இடித்த முழங்கையைக் கையால் பரபரவென்று தேய்க்கிறோமே, யாராவது சொல்லிக்கொடுத்தா செய்கிறோம்? ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு பேர் 1965-ல் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசற்கதவு இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தொடுதலைச் சொல்லும் தடித்த நரம்புகள் அங்கே கூட்டம் போட்டால், வலியைச் சொல்லும் மெல்லிய நரம்புகளின் சேதி உள்ளே நுழைவது குறைகிறது. கதவு என்பது அவர்கள் சொன்ன உவமை. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அதில் நிறையத் திருத்தியிருக்கின்றன, ஆனால் தடவினால் வலி தணிகிறது என்பது மாறவில்லை. தைலம் செய்வதும் ஏறக்குறைய இதுதான்: ஒரு வலி பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் சத்தமாகப் பேச ஆரம்பிப்பது. அரை மணி, ஒரு மணி நேரம் முதல் குரல் கேட்காது. பிடித்த தசை அதுபாட்டுக்குப் பிடித்தபடியே இருக்கும்.

இதைப் போட்டால் நாலு நாளில் குணமாகிறதா என்பது தனிக் கேள்வி. காக்ரேன் என்று ஓர் அமைப்பு, உலகத்தில் நடந்த ஆய்வுகளையெல்லாம் சலித்தெடுத்துத் தொகுப்பது அவர்கள் வேலை. சாலிசிலேட் களிம்புகளைப் பற்றி 16 ஆய்வுகளைச் சேர்த்து 2014-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். புது வலிக்கு இவை கேட்கும் என்று சொல்வதற்கு நல்ல ஆதாரம் இல்லை, நாள்பட்ட வலியிலும் மற்ற பூச்சு மருந்துகளோடு வைத்துப் பார்த்தால் பின்தங்கித்தான் நிற்கின்றன என்று முடித்திருக்கிறார்கள். ஆய்வுகளின் தரமே சுமார்தான் என்றும் சொல்கிறார்கள். இதைச் சோதிப்பதிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் களிம்பு, யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியக்கூடாது. எரிகிற களிம்பைப் பூசிக்கொண்டவருக்கு எப்படித் தெரியாமல் போகும்?

நூற்றுக்கு நூறு பேர் “எனக்குக் கேட்டுது” என்று சொல்வதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சுளுக்கும் பிடிப்பும் பெரும்பாலும் தானாகவே போகிறவை. ஷட்டில் ஆடிய மறுநாள் தொடையில் வருகிற வலி, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்துக்குள் காணாமல் போய்விடும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் டியூபைத் தேடுகிறோம், அதற்கு அப்புறம் வலிக்கு இறங்குமுகம் தவிர வேறு வழியில்லை, பெயர் டியூபுக்குப் போகிறது. எங்கள் பக்கத்தில் இரட்டைப் பிள்ளை பெற்றவர் நீவிவிட்டால் சுளுக்கு எடுபடும் என்பார்கள். கால் முன்னால் வந்து பிறந்தவர் காலால் தடவினாலும் போகுமாம். புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பத்துப் போடுகிறவர்கள், நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கிறவர்கள், எல்லோரிடமும் குணமானவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். பட்டியல் உண்மைதான்.

பாம் வியாபாரத்தில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. அமிர்தாஞ்சனத்தை 1893-ல் பம்பாயில் ஆரம்பித்தவர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு. ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்துக்காரர். ஆரம்பத்தில் சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துத்தான் பழக்கினாராம். 1914-ல் மெட்ராஸுக்கு மாறினார். மயிலாப்பூர் லஸ் பக்கம் காலையில் நடக்கப் போகிறவர்கள் நாகேஸ்வர ராவ் பூங்காவில்தானே நடக்கிறார்கள், அவர் பெயர்தான் அது. கச்சேரியில் உட்கார்ந்து தலையில் பாம் தடவிக்கொண்ட முதல் ரசிகரின் பக்கத்து இருக்கைக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் யோசித்ததுண்டு.

டியூபில் இருந்த இன்னொரு சரக்கு, அந்த 1.16 சதவீத டைக்ளோஃபெனாக், வேறு ஜாதி. இதற்கு எரிச்சலும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி வாசமும் இல்லை. தோல் வழியாக உள்ளே இறங்கி வீக்கத்தைக் கிளப்பும் வேதிப்பொருள்கள் உருவாவதையே குறைக்கிறது. மாத்திரையாக விழுங்கினால் ரத்தத்தில் எவ்வளவு சேருமோ அதில் சுமார் 6 சதவீதம்தான் ஜெல்லாகப் பூசும்போது சேர்கிறது, அதனால் வயிற்றுக்கு அவ்வளவு தொந்தரவு இல்லை. காக்ரேனின் 2015 தொகுப்பில், சுளுக்கு, தசைப்பிடிப்பு மாதிரியான புது வலிகளுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல்லின் ஒரு வகையைப் பூசியவர்களில் நூற்றுக்கு 78 பேருக்கு ஒரு வாரத்துக்குள் வலி பாதியாவது குறைந்திருக்கிறது. வெறும் ஜெல் பூசியவர்களில் 20 பேருக்குத்தான். சின்ன ஆய்வுகள்தான், ஆனால் வலி மருந்துகளில் இவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம். வேறு டைக்ளோஃபெனாக் பூச்சுகளில் வெறும் களிம்புக்கே கிட்டத்தட்ட பாதிப் பேர் தேறிவிட்டதால் இடைவெளி சுருங்கியிருக்கிறது.

எங்கள் வீட்டிலேயே இதைப் பார்த்தேன். கபடியில் காலை மடக்கிக்கொண்டு வந்தான் பையன், கணுக்கால் வீங்கி உருண்டையாக. எலும்பில் ஒன்றுமில்லை என்று படம் எடுத்துப் பார்த்த பிறகு, நீவி எடுக்கிறேன் என்று வந்த அத்தையைக் காபி கொடுத்து அனுப்பினோம். புது வீக்கத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. டைக்ளோஃபெனாக் மட்டும் உள்ள ஜெல்லை மெல்லப் பூசி, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தான். ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் போனான். ஜெல் போடாவிட்டால் எட்டாம் நாள் போயிருப்பானா, அல்லது அதே ஐந்தாம் நாளா? ஒரே ஒரு காலை வைத்து அதைச் சொல்ல முடியாது.

இதே டைக்ளோஃபெனாக்தான் மாடுகளுக்கு ஊசியாகப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளைச் சிறுநீரகம் கெட்டுச் சாக வைத்தது. காரணம் தெரிந்தது 2004-ல், கால்நடைக்கு இந்தியாவில் தடை 2006-ல். அதற்குள் வானம் காலியாகிவிட்டது. கோவையிலிருந்து முதுமலைப் பக்கம் போகும்போது மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சிய சிலதைப் பார்க்கலாம். பூசிக்கொள்கிற களிம்பால் கழுகு சாகவில்லை என்பது தெரியும். இருந்தாலும் அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் கை ஒரு கணம் தயங்குகிறது.

என் முதுகுக்கு இந்த ஜெல்லும் பெரிதாகக் கேட்டிருக்காது. கணுக்கால், விரல், முழங்கால் எல்லாம் தோலுக்குப் பக்கத்தில் இருப்பவை, முதுகுத் தசை ஆழம். முழங்கால் தேய்மானத்துக்குப் பூச்சு மருந்தை அழுத்தமாகப் பரிந்துரைக்கும் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல், இடுப்பு மூட்டுக்கு அப்படிச் சொல்லவில்லை, ஆழம்தான் காரணம். “நடங்க, படுத்தே கெடக்காதீங்க” என்றார் டாக்டர். நடந்தேன். பத்து நாளில் விட்டது.

மிச்சம் இருந்தது அம்மாவின் முழங்கால். எழுபத்திரண்டு வயது, தேய்மானம். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு டின் திறக்கும். நாள்பட்ட மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் பூச்சின் கணக்கு அவ்வளவு கவர்ச்சியாக இல்லை: ஆறு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் போட்டவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு நல்ல குணம், வெறும் களிம்பு போட்டவர்களில் 50 பேருக்கு. பத்துப் பேர் போட்டால் ஒருவருக்குத்தான் மருந்தால் கிடைத்த லாபம். ஆனாலும் மாத்திரையை விழுங்கி வயிற்றையும் பிரஷரையும் கெடுத்துக்கொள்வதற்கு இது மேல் என்று டாக்டரும் சொன்னார், ஆரம்பித்தோம்.

அளவைப் பார்த்தபோதுதான் இத்தனை நாள் எல்லோரும் செய்வது கண்துடைப்பு என்று தெரிந்தது. அமெரிக்காவில் இந்த ஜெல்லுக்கு ஓர் அளவு அட்டை தருகிறார்கள். முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், அட்டையில் நாலரை அங்குல நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். நாளைக்கு நாலு வேளை, 16 கிராம். நம் ஊர் 30 கிராம் டியூப் இரண்டு நாளைக்கு வராது! நாமோ பட்டாணி அளவு எடுத்து, ஞாபகம் வந்த அன்றைக்கு மட்டும் தடவி, ஒரு டியூபை ஒரு வருஷம் ஓட்டிவிட்டு, “இதெல்லாம் சும்மா” என்கிறோம். மருந்து கேட்கவில்லை என்பதைவிட நாம் மருந்தே போடவில்லை என்பதுதான் பல வீடுகளில் நடப்பது.

விண்டர்கிரீன் தைலப் பாட்டிலை மட்டும் அன்றே டின்னிலிருந்து எடுத்து மேல் அலமாரியில் பூட்டினேன். ஒரு டீஸ்பூனில் இருப்பது இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். இனிப்பு மிட்டாய் வாசம் வேறு. விடுமுறைக்குத் தங்கச்சியின் சின்னக் குழந்தை வரும் வீட்டில் அதைக் கட்டில் ஓரத்தில் வைப்பது பைத்தியக்காரத்தனம். பெரியவர்களுக்கும் அளவு உண்டு: 2007-ல் நியூயார்க்கில் பதினேழு வயது ஓட்டக்காரப் பெண் ஒருத்தி, அளவுக்கு மீறிப் பூசிய களிம்புகளிலிருந்து மெத்தில் சாலிசிலேட் உடம்பில் சேர்ந்தே இறந்தாள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இந்தக் களிம்பைத் தினமும் தேய்ப்பதானால் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது, ரத்தக் கசிவு வரை போயிருக்கிறது.

ஜெல் விஷயத்தில் அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே மனம் ஒப்பவில்லை. “எரியவும் இல்ல, குளுரவும் இல்ல. வாசமே இல்லாதது என்ன மருந்து? எரிஞ்சாத்தான் கண்ணு கேக்கும்.” நரம்பு வாசல், தடித்த நரம்பு, மெல்லிய நரம்பு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி சாமி, நீ சொல்றீன்னு போட்டுக்கறன்” என்றார். மூன்று வாரம் நானே அளந்து பிதுக்கி, சீரியல் முடிகிற வரை பூசிவிட்டேன். படி ஏறும்போது கொஞ்சம் சுகமாக இருப்பதாக அவரே ஒருநாள் சொன்னார்.

நாலாவது வாரம் ஆபீஸ் வேலையாகப் பெங்களூரு போக வேண்டியிருந்தது. ஆறு நாள். டியூப்களை வரிசையாக அடுக்கி, வெட்டிவைத்த அளவு அட்டையையும் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து வாசற்படி ஏறும்போதே தெரிந்துவிட்டது, கோடாலித் தைல வாசம். உள்ளே போய்ப் பார்த்தால் டியூப்கள் அடுக்கியது அடுக்கியபடி இருக்கின்றன.

“என்னம்மா, ஜெல் கேக்கலையா?”

“கேக்குது கேக்குது. ஆனா அதையப் போட்டா ஆருமே கேக்கறதில்லையே கண்ணு.”

எனக்குப் புரியவில்லை. அம்மா மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டினார். “தைலம் போட்டா அவன் மேல இருந்து ‘பாட்டி, மூட்டு வலியா’ங்கறான். பக்கத்து வூட்டுப் புள்ளை சன்னல்ல நின்னு ‘இன்னைக்கு எப்படீங்க’ன்னு கேக்குது. உன்ற மருந்தப் போட்டுட்டு மூணு வாரம் உக்காந்திருந்தன். எனக்கு வலிக்குதுன்னே ஒருத்தருக்கும் தெரியல.”